காப்பிப் பாடம் எந்த முனையில்?

காப்பியைப் பற்றி இலவச வகுப்பு நடத்துவது இப்போது பல நகரங்களில் பழக்கமாகி வருகிறது. காப்பி வறுத்து விற்பவர்கள் ஒரு மாலை நேரம் ஒதுக்கி நாலைந்து கோப்பைகளை வரிசையாக வைக்கிறார்கள். இது எந்த மலையில் விளைந்தது, பழத்தை எப்படி உலர்த்தினார்கள், இதில் ஏன் புளிப்பு தூக்கலாக இருக்கிறது, செடியிலிருந்து கோப்பைக்கு வருவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று சொல்லித் தருகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் இதைப் புதிய பண்பாடு என்றோ கடைக்காரரின் பெருந்தன்மை என்றோ மட்டும் பார்த்தால் ஒரு நீண்ட கதையின் கடைசிப் பக்கத்தைத்தான் படித்தவர்களாவோம். காப்பியின் ஐந்நூறு ஆண்டு வணிகத்தில் அதைப் பற்றிய அறிவு யார் கையில் இருந்தது என்ற கேள்விதான் பல இடங்களில் தொழிலின் விதியைத் தீர்மானித்திருக்கிறது. அறிவைப் பூட்டி வைத்தவர்கள் சில காலம் லாபம் கண்டார்கள். அது விளைவிப்பவரின் கைவரை போன இடங்களில் தொழில் பிழைத்தது. வரலாறு இப்படியிருக்க, இன்றைய இலவசப் பாடங்கள் பெரும்பாலும் சங்கிலியின் கடைசிக் கண்ணியான குடிப்பவரிடமே நடக்கின்றன. முதல் கண்ணியில்தான் அவை முதலில் நடந்திருக்க வேண்டும் என்பது என் வாதம்.

பூட்டி வைத்த கதை ஏமனிலிருந்து தொடங்குகிறது. மோக்கா துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கொட்டைகள் வேறெங்கும் முளைத்துவிடாதபடி அவற்றை வேகவைத்தோ வாட்டியோ அனுப்பினார்கள் என்று மரபாகச் சொல்வார்கள். அந்தக் காவலை மீறி பாபா புடன் என்ற சூஃபி பெரியவர் பதினேழாம் நூற்றாண்டில் ஏழு கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பதும் மரபுதான். ஏழா, எழுபதா என்று ஆராய்வதில் பயனில்லை. கடத்திவந்த விதையையே ஒரு நாடு தன் தொழிலின் தோற்றக் கதையாகப் போற்றுகிறது என்றால், காவல் எவ்வளவு கடுமையாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். டச்சுக்காரர்கள் மலபாரிலிருந்து ஜாவாவுக்குச் செடி கொண்டுபோனார்கள். ஜாவாவிலிருந்து ஒரு செடி 1706இல் ஆம்ஸ்டர்டாம் தோட்டத்துக்குப் போனது. அதன் வழிவந்த கன்று ஒன்று 1714இல் பாரிஸில் பதினான்காம் லூயி மன்னருக்குப் பரிசாயிற்று. அமெரிக்கக் கண்டத்துக் காப்பியில் பெரும்பகுதி இந்த மெலிந்த கொடிவழியில் வந்ததுதான். ஒளித்தும் திருடியும் பரப்பியதால் உலகம் முழுவதும் ஒரே குடும்பத்துச் செடிகள் நின்றன. ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும் என்ற நிலை அப்படித்தான் உருவாயிற்று.

அதற்கான விலையை முதலில் கொடுத்தது இலங்கை. மலையகத் தமிழர்கள் ‘கோப்பிக் காலம்’ என்று இன்றும் குறிப்பிடும் அந்தக் காலத்தில், கண்டியைச் சுற்றிய மலைகளில் காடழித்து ஏறத்தாழ 2,75,000 ஏக்கர் வரை காப்பி வைத்திருந்தார்கள். பழம் பறிக்க ராமநாதபுரம், மதுரை, திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆட்கள் கங்காணிகளின் பின்னே போனார்கள். மன்னாரில் கரையேறி, காட்டு வழியாக மாத்தளை வரை நடை. பழக் காலம் முடிந்ததும் உயிரோடிருந்தவர்களில் பலர் அதே வழியில் ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைகளின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் இயக்குநர் த்வைட்ஸ் இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பூஞ்சையியலாளர் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பாழாக்குவது என்று பொருள்படும் சொல் அந்தப் பெயரிலேயே இருந்தும், தோட்டத் துரைமார் பல ஆண்டுகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலை ஏறிக்கொண்டே இருந்ததால் மேலும் மேலும் நிலம் திருத்தினார்கள். 1880இல்தான் மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் வரவழைக்கப்பட்டார். காற்றில் வரும் வித்துகள் இலைமேல் ஒரு துளி ஈரத்தில் முளைத்து, இலைத் துளைகளின் வழியே உள்ளே நுழைகின்றன என்று அவர் காட்டினார். மலைக்கு மலை இடைவெளியின்றிக் காப்பியே நின்றதால் காற்று தடையில்லாமல் நோயைச் சுமந்து போயிற்று என்பதும் அவருடைய விளக்கத்தில் அடங்கும். மருந்து எதிர்பார்த்த துரைமாருக்கு இந்த விளக்கம் போதவில்லை. காலமும் கடந்துவிட்டது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி மூழ்கியது. 1890களில் அந்த மலைகளில் தேயிலை நின்றது.

இந்தக் கதையைப் பூஞ்சையின் கதையாகவே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். வார்டின் அறிக்கை ஆங்கிலத்தில், துரைமாருக்கும் அரசுக்கும் எழுதப்பட்டது. நாள்தோறும் அந்த இலைகளை விரலால் தொட்டுக் கொண்டிருந்தவர்கள் தமிழர்கள். எந்தச் சரிவில் பொடி முதலில் வருகிறது, எந்த மழைக்குப் பின் பரவுகிறது, எந்த மரம் தப்பி நிற்கிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களைவிட வேறு யாருக்கும் இல்லை. அந்தப் பார்வையைப் பதிவு செய்யவோ, கண்டறிந்ததை அவர்களுக்குத் திருப்பிச் சொல்லவோ அன்றைய தோட்ட முறையில் இடமே கிடையாது. தோட்டம் திவாலானபோது கூலி பாக்கியோடு வெளியே நின்றவர்களும் அவர்களே. அவர்களிடம் கேட்டிருந்தால் நோய் நின்றிருக்குமா என்றால், நின்றிருக்காது. ஆனால் பதினோராண்டுகள் கழித்து வந்த விளக்கத்தின் ஒரு பகுதியாவது சில ஆண்டுகள் முன்னதாகக் கிடைத்திருக்கும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இலைத்துரு என்று அழைக்கப்படும் இதே நோய் கன்னட மலைகளிலும் பரவியது. அங்கே கதை வேறு விதமாகப் போயிற்று. கென்ட் என்ற தோட்டக்காரர் தன் தோட்டத்தில் துரு பிடிக்காமல் நின்ற மரத்தைக் கவனித்து அதன் விதையைப் பெருக்கினார். அவர் பெயரிலேயே அந்த ரகம் பரவிற்று. மைசூர் அரசின் வேளாண்மை இயக்குநராக இருந்த கோல்மனின் முயற்சியில் 1925இல் பாலேஹொன்னூரில் காப்பி ஆய்வு நிலையம் அமைந்தது. கென்ட் ரகமும் சில ஆண்டுகளில் துருவுக்குப் பணிந்தபோது காரணத்தைக் கண்டுபிடித்தவர் அந்த நிலையத்தின் ஆய்வாளர் மேய்ன். துருவில் ஒரே இனம் இல்லை, பல இனங்கள் உண்டு, ஒன்றைத் தாங்கும் மரத்தை இன்னொன்று தாக்கும் என்பதை உலகில் முதலில் காட்டியது அந்தச் சின்ன மலை ஊரில் நடந்த ஆய்வு. பின்னர் கென்ட் ரகத்தையும் எஸ்.288 என்ற இன்னொரு ரகத்தையும் கலந்து எஸ்.795 என்ற ரகத்தை உருவாக்கி விதையைத் தோட்டங்களுக்குக் கொடுத்தார்கள். ஏற்காட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும் இன்று நிற்கும் அரபிக்காவில் கணிசமான பகுதி அதுதான். தாண்டிக்குடியில் அந்த ஆய்வின் ஒரு கிளையும் இருக்கிறது. இலங்கையில் அறிவு நோய்க்குப் பின்னால் ஓடியது. பாலேஹொன்னூரில் நோயோடு கூடவே நடந்தது. கொலம்பியா இன்னும் ஒரு படி முன்னே போயிற்று. 1927இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டமைப்பு தன் ஆய்வு நிலையத்தில் துருவைத் தாங்கும் ரகத்தை முன்கூட்டியே உருவாக்கியிருந்தது. 1983இல் துரு அந்நாட்டுக்குள் நுழைந்தபோது கன்றுகளும் தயார், வீடு தேடிப் போய்ச் சொல்லித் தரும் களப்பணியாளர்களும் தயார்.

பயிர் அறிவு ஒரு பக்கம். சந்தை அறிவு வேறு கதை, நம் நாட்டில் அது தலைகீழாகவே நடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஏற்றுமதி வழிகள் அடைபட்டபோது, 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாத் தோட்டக்காரர்களும் தங்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆயிற்று. வாரியம் தரம் பிரித்து, ஏலம் விட்டு, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்தது. சிறு விவசாயிக்கு அது பெரிய காப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகள் அவர் விலை பேசத் தேவையே இல்லாமல் போயிற்று. தன் காப்பி எந்தத் துறைமுகம் போகிறது, வாங்குபவர் அதில் என்ன குறை கண்டார், லண்டனிலும் நியூயார்க்கிலும் விலை எதனால் ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் அவருடைய கவலையாக இருக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தி 1996இல் முழுதாகக் கைவிட்டார்கள். பழக்கமில்லாத சந்தையில் பல்லாயிரம் சிறு விவசாயிகள் சில ஆண்டுகளுக்குள் வியாபாரிகளாக நிற்க வேண்டி வந்தது. ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். உலர்ந்த பழத்தை, அதாவது செர்ரியை, 50 கிலோ மூட்டையாக விற்கும்போது அதிலிருந்து எத்தனை கிலோ பருப்பு தேறும் என்ற ‘அவுட்டர்ன்’ கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். 26 கிலோவா, 28 கிலோவா என்பதைச் சொல்வது பெரும்பாலும் வாங்குபவர் அல்லது பழத்தை உடைத்துப் பருப்பைத் தரம் பிரிக்கும் கியூரிங் ஆலை. ஈரப்பதம் அளப்பதும் அவர்கள்தான். மாதிரி எடுத்து உடைத்துப் பார்த்து, எடைபோட்டு, எதிர்க்கணக்கு சொல்லத் தெரிந்த விவசாயிக்கும் தெரியாதவருக்கும் ஒவ்வொரு மூட்டையிலும் வித்தியாசம் உண்டு. இந்தியக் காப்பி விவசாயிகளில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் 10 ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள் என்பதை நினைத்தால், அந்த வித்தியாசம் எத்தனை குடும்பங்களின் அடுப்பைத் தொடுகிறது என்பது விளங்கும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விலையைத் தீர்மானிப்பது அறிவா, பலமா? 1962இலிருந்து சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் நாடுகளுக்கு ஏற்றுமதி அளவு நிர்ணயித்து விலையைத் தாங்கிப் பிடித்தது. 1989 ஜூலையில் அந்த அளவு முறை குலைந்தது. 1980களில் பெரும்பாலும் ராத்தலுக்கு ஒரு டாலருக்கு மேல் இருந்த விலை 2001இல் 50 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. எவ்வளவு படித்த விவசாயியும் அந்த வெள்ளத்தில் தப்பவில்லை. உண்மை. பாடம் நடத்தி உலகச் சந்தையின் பலத்தைச் சமன் செய்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டுறவும் சட்டமும் ஒப்பந்தமும் செய்ய வேண்டியதை வகுப்பறை செய்யாது. ஆனால் அந்தச் சரிவுக் காலத்திலேயே ருவாண்டாவில் நடந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இனப்படுகொலையில் நொறுங்கிய அந்த நாட்டில் பழத்தைக் கழுவிப் பதப்படுத்தும் நிலையங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. காப்பி மட்டமான தரத்தில் மட்டமான விலைக்குப் போனது. 2000க்குப் பின் பல்கலைக்கழகங்களின் துணையோடு மராபா போன்ற பகுதிகளின் கூட்டுறவுகளில் கழுவும் நிலையமும், சுவைத்துத் தரம் பார்க்கும் கூடமும் அமைத்தார்கள். தாங்கள் விளைவித்த காப்பியைக் குடித்தே பார்த்திராத பலரின் ஊர்களில், ருசித்துக் குறை சொல்லும் பயிற்சியை உள்ளூர்க்காரர்களுக்கே கொடுத்தார்கள். வாங்குபவரின் அறையில் மட்டும் நடந்துவந்த சடங்கு விளைவிப்பவரின் முற்றத்துக்கு வந்தது. பத்தே ஆண்டுகளில் கழுவும் நிலையங்கள் நூற்றைத் தாண்டின. 2008இல் ஆப்பிரிக்காவின் முதல் ‘கப் ஆஃப் எக்ஸலன்ஸ்’ காப்பித் தரப் போட்டி அங்கே நடந்தது. உலக விலையை அவர்களால் மாற்ற முடியவில்லை. அந்த விலைக்கு மேலே எவ்வளவு கேட்கலாம் என்பது மட்டும் தெரிந்தது. சிறிய வெற்றிதான். ஆனால் பேரம் பேச உட்காரும் ஒருவருக்கு அது மிகவும் வேண்டியது.

இலவசம் என்றால் விளம்பரம்தானே என்பது இன்னொரு மறுப்பு. அதற்கும் நம் வரலாற்றில் இடமுண்டு. 1935இல் காப்பிக்குத் தனி வரி விதித்து அமைத்த குழு, அந்தப் பணத்தில் காப்பி குடிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தது. அடுத்த ஆண்டு பம்பாயில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறந்தது. மக்கள் கற்றதைவிட மக்களுக்கு விற்றதே அதிகம் என்று சொல்லலாம். இன்றைய வகுப்பிலும் அந்த வாடை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிரசாரத்துக்குப் பணம் தந்தது காப்பி விளைச்சலே. ஆகவே ‘இலவசம்’ என்பது யாரோ ஏற்கெனவே கட்டணம் கட்டிவிட்டார்கள் என்பதன் சுருக்கம்தான். கட்டியவருக்குப் பாடம் வந்து சேர்ந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. குடிப்பவருக்குச் சொல்லித் தருவதிலும் நேர்மையான பகுதி உண்டு. காப்பியும் சிக்கரியும் கலந்த பொடியில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும், எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை உறையில் அச்சிட வேண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது. கும்பகோணம் டிகிரி காப்பியின் பெருமை பேசும் வீடுகளில் எத்தனை பேர் அந்த எண்ணைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள்? பார்க்கத் தெரிந்தவர் நல்ல கொட்டைக்கு நியாயமான விலை கொடுப்பார். அதில் ஒரு பங்காவது மலைக்குப் போகும். எனவே குடிப்பவருக்கான பாடம் வேண்டாம் என்பதில்லை. அதோடு நின்றுவிடக் கூடாது.

எல்லாப் பாடத்துக்கும் வெளியே நிற்பவர் ஒருவர் இன்னும் இருக்கிறார், பழம் பறிப்பவர். காப்பியின் தரத்தை முதலில் தீர்மானிப்பது அவருடைய விரல்கள். ஒரே கொத்தில் சிவந்ததும் பச்சையும் கலந்து நிற்கும். சிவந்ததை மட்டும் எடுத்தால் எடை குறையும், எடைக்குக் கூலி என்றால் அவருக்குத்தான் நட்டம். பச்சைக்காய் சேர்ந்தால் கோப்பையில் துவர்ப்பு ஏறும். வாங்குபவர் விலையைக் குறைப்பார். அந்த இழப்பும் சுற்றிச் சுற்றி மலைக்கே வரும். இலைத்துரு, காய்த்துளைப்பான் இவற்றையெல்லாம் முதலில் பார்க்கும் கண்களும் அவருடையவை. கண்டிச் சீமையில் 1869இல் இருந்த நிலை இந்த ஒரு விஷயத்தில் அதிகம் மாறவில்லை. அன்று ராமநாதபுரத்திலிருந்து போனார்கள். இன்று குடகுக்கும் சிக்கமகளூருக்கும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். நகரத்தில் இலவச வகுப்பு நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு வகுப்பையாவது மலையில் வையுங்கள். பறிப்பவரின் மொழியில், அன்றைய கூலியைக் கொடுத்து, அவர் பறித்த பழத்திலிருந்தே போட்ட காப்பியை அவர் கையில் தந்து நடத்துங்கள். அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். அரபிக்கா பழம் நவம்பரில் சிவக்கத் தொடங்கிவிடும்.