கோட்டைக்கு முன்னே ஒரு வெளி

கட்டட நிர்மாணக் கலை பயில்வோன் ஒருவன் ஒரு நகரத்து ஜனங்களின் வாழ்க்கையை அறிய விரும்பினால், எழுந்து நிற்கும் மாளிகைகளை அளப்பதற்கு முன்னர், ஒன்றும் எழும்பாமல் விடப்பட்ட நிலத்தை அளப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். 1748ஆம் ஆண்டில் ஜியாம்பத்திஸ்தா நொல்லி என்பார் வெளியிட்ட ரோமாபுரிப் படத்தில் கட்டடத் திரள்கள் கருமையாகத் தீட்டப்பட்டிருக்க, வீதிகளும் சதுக்கங்களும் மட்டுமன்றித் தேவாலயங்களின் உட்புறங்களுங்கூட, ஜனங்கள் புகுந்து வரும் இடங்களாதலின், வெண்மையாகவே விடப்பட்டிருக்கின்றன. அம்முறையைப் பழைய திருகோணமலைக்குப் பிரயோகித்தாலோ, உலகப் பிரசித்தி பெற்ற துறைமுகத்தின் கரையிற் பெரும்பகுதி கருமையாகிவிடும்.

1620களிற் பறங்கியர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களையும் கொண்டு கோட்டை கட்டினர். பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல் அதன் வாயிலில் இன்றும் காணக் கிடைக்கிறது. பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1803இற் கோட்டை பிரடெரிக் என்னும் நாமம் பெற்றது. வந்தவர் யாவரும் கடைத்தெருவை நாடி வந்தவரல்லர். பீரங்கியின் பார்வைக்கு மறைப்பிருத்தலாகாது என்பது கோட்டை கட்டுவோரின் பொதுவிதி. அவ்விதியின்படி கோட்டைக்கு முன்னே வெறுமையாகக் கிடந்த நிலமே முற்றவெளி. உட்துறைமுகத்தின் கரையிலோ டொக்யார்ட்டும் கடற்படைத் தலைவரின் மாளிகையும், பிற்காலத்திற் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் இடம்பிடித்தன. வர்த்தகக் கப்பல்கள் பெரும்பாலும் கொழும்பை நாட, நகரமோ இரு கடல்களுக்கிடையே ஒடுங்கிய நிலத்தில், துறைமுகத்துக்குப் புறங்காட்டி அமர்ந்தது எனலாம்.

ஆயினும் யுத்தத்துக்காக வெறுமையாக்கிய நிலத்தை ஜனங்கள் வெறுமையாக விட்டுவைக்கவில்லை. அதன் அருகே பத்திரகாளி அம்மன் குடிகொண்டாள். பிள்ளைகள் பந்து விளையாடினர். மாலைக் காற்று வாங்க வந்தோர் கூடிப் பேசினர். பழைய ஆங்கிலேய மயானமும் அப்பக்கத்திலேதான். 1852இற் காலமான கடற்படை அதிகாரி சார்ள்ஸ் ஆஸ்டின் அங்கே அடக்கமாகியுள்ளார். வரவேற்பறைக்குள் நடக்கும் வாழ்க்கையை அத்தனை நுட்பமாக எழுதிய ஜேன் ஆஸ்டினின் இளைய சகோதரருக்கு, ஊரார் பொழுதுபோக்கும் வெட்டவெளியின் அயலிலே இடம் வாய்த்தது ஒரு விநோதமே.

கோட்டையின் கருமைக்குள்ளும் ஒரு வெண்மை இருந்தது. ஆலயம் போன பின்னரும் அதன் மலையுச்சியில், அஸ்தமன வேளையில், கடலை நோக்கி வழிபாடு நடந்ததை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தமது இலங்கை நூலில் வருணித்திருக்கிறார். காவலர் நிற்கும் வாயிலினூடே பூவும் தேங்காயுமாக ஜனங்கள் சென்று வந்த அப்பாதையை எந்த இராணுவப் படம் காட்டும்? 1950இற் கிணறு தோண்டும்போது சோமாஸ்கந்தர் முதலிய விக்கிரகங்கள் வெளிப்பட, ஆலயம் மீண்டும் எழுந்தது. 1957இற் கடற்படைத் தளம் இலங்கையர் கைக்கு வந்தும் டொக்யார்ட்டின் வாயில் ஊராருக்குத் திறந்துவிடவில்லை. கோணேசரோ சிவராத்திரியை அடுத்து நகர்வலம் வருகிறார். வீட்டு வாயில்களில் நிறைகுடம் வைக்கப்படுகிறது. அந்நேரம் படலைக்கு அப்பாலுள்ள முற்றமும் வீதியோடு சேர்ந்துவிடுகிறது. ஆகையால் மாணவன் இவ்வூருக்கு ஒரு படம் வரைந்தாற் போதாது: சாதாரண நாளுக்கொன்றும் நகர்வல நாளுக்கொன்றுமாக இரண்டு வரையவேண்டும், இரண்டிலும் முற்றவெளியை முதலில் அளக்கவேண்டும்.