லுமுட்: ஆழமிருந்தும் வணிகம் வாராத துறை

பேராக் கடற்கரையின் பெரும்பகுதி சேறும் அலையாத்திக் காடுமாகும். அதற்கு விலக்காக டிண்டிங் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்துள்ளது லுமுட். மேற்கே பங்கோர் தீவு அலைகளை மறித்து நிற்க, இடைப்பட்ட நீர்ப்பரப்பு காற்றுக்கு ஒதுங்கும் கலங்களுக்கு இயற்கையான புகலிடமாயிற்று. பேராக்கின் வெள்ளீயத்தின்மீது கண்வைத்த ஒல்லாந்தர் 1670ஆம் ஆண்டிலேயே பங்கோரில் கோட்டை அமைத்தனர். 1874 ஜனவரி 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையின் வழி, தீவும் லுமுட்டும் உள்ளடங்கிய டிண்டிங்ஸ் பகுதி பேராக்கிலிருந்து பிரிக்கப்பட்டு ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டது.

இத்தகைய துறை ஏன் ஈப்போவின் வாயிலாக வளரவில்லை?

நிலவரைபடத்தைக் காட்டிலும் ஈயச் சுரங்கங்களே இவ்வினாவுக்கு விடை தருகின்றன. முதலில் பெருகியது லாருட் ஈயம். அதனை ஏற்றுமதி செய்யவே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஏறத்தாழ 8 மைல் இருப்புப்பாதை, இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினரின் உழைப்பால் உருவாகி, 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் இரயில் பாதை அதுவே. போர்ட் வெல்டோ அலையாத்திக் காட்டினுள் ஒடுங்கிய ஓர் ஆற்றுத்துறை. ஆழத்தில் லுமுட்டுக்கு ஈடாகாது. எனினும் அது சுரங்கத்திற்கு அண்மையில் இருந்தது. பின்னர்க் கிந்தா ஈயம் செழித்தபோது, 1890களில் இரயில் பாதை தெலுக் ஆன்சன் என்னும் ஆற்றுத்துறையை நாடிற்று. 1903இல் சிரம்பான் முதல் பிறை வரை பெருவழிப்பாதை இணைந்ததும் சரக்கு பினாங்கை நோக்கித் திரும்பிற்று. அவ்விரு துறைகளும் மெல்ல மங்கின. லுமுட்டுக்கோ இரயிலே வரவில்லை.

எல்லைக்கோட்டையும் நாம் ஒரு காரணமாகக் கருதுகிறோம். சுரங்கம் ஓர் ஆட்சியிலும் துறை மற்றோர் ஆட்சியிலும் இருக்கையில், பாதைக்குப் பணம் செலவிட முன்வருபவர் யார்? 1935இல் டிண்டிங்ஸ் பேராக்குக்குத் திருப்பியளிக்கப்பட்டபோது வணிகத்தின் தடங்கள் வேறிடங்களில் ஊன்றிவிட்டன. சித்தியவான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் ரப்பர்ப்பால் சேகரித்துவந்த காலம் அது. விடுதலைக்குப் பின்னரே, மலேசியக் கடற்படையின் தலைமைத் தளமாகி, லுமுட் தன் ஆழத்திற்குரிய பயனைப் பெற்றது.

போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங். தண்டவாளம் போய்விட்டது, நிலையத்தின் பெயர்ப்பலகை எஞ்சியுள்ளது. ரோமன், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் அதில் ஊரின் பெயர் எழுதப்பட்டுள்ளது. அவ்வூருக்குச் செல்லும் மாணவர் அதனை நின்று வாசிக்கலாம்.