உள்ளூர்க்காரன் நாக்கு

இடைக்கால இங்கிலாந்தில் வழிப்போக்கனுக்குக் கவலையில்லை. 'ஏல்' எனும் பியர் காய்ச்சி விற்கும் வீட்டு வாசலில் நீண்ட கழியொன்று நீட்டிக்கொண்டிருக்கும். 1960களிலோ பெருநிறுவனங்கள் பியரை வடிகட்டிச் சூடேற்றி, கரியமில வாயு நிரப்பி அனுப்பின. எவ்வூரில் இறங்கினாலும் ஒரே சுவை. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடிருந்து முதிரவைக்கும் பழைய ஏல் அருகத் தொடங்கியது.

அதைக் காக்க 1971இல் நால்வர் தொடங்கிய இயக்கம் காம்ரா. (இங்கிலாந்தின் பியருக்காக அவர்கள் கூடிக் கவலைப்பட்ட இடம் அயர்லாந்தின் மதுக்கடை என்பது வேடிக்கை!) 1974இல் நூலாக வந்த அவர்களது 'குட் பியர் கைடு', வாட்னீஸ் நிறுவனத்தைச் சாடிய ஒரு வரிக்காக அச்சகத்தைக் கலங்கடித்தது, அவ்வரி தணிக்கப்பட்டது. அந்தப் பரபரப்பைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அப்பட்டியல் உருவான விதம். அந்தந்த வட்டார உறுப்பினர்கள், ஊதியமின்றி, தாமே குடித்துப் பார்த்துத் தேர்ந்த கடைகள் அவை. ரயிலிறங்கும் அந்நியன் கையில் உள்ளூர்க்காரனின் நாக்கு கிடைத்தது.