கர்ணம் நோட்டிலிருந்து கணினிக்கு: திண்டுக்கல் நிலக் கணக்கின் கதை

வெளியில் இருக்கும் ஒரு கோப்பைத் தரவுத்தளத்தில் ஏற்றுவது எப்படி என்பதைப் பாடப்புத்தகம் நான்கு வரியில் முடித்துவிடும். கோப்பைத் திற, எந்த விவரம் எந்தப் புலத்துக்கு என்று காட்டு, ஏற்று, அவ்வளவுதான். ஆனால் கணினி இல்லாத காலத்திலேயே தமிழ்நாட்டில் இந்த வேலை கையால் நடந்திருக்கிறது. திண்டுக்கல் சமவெளியின் நிலக் கணக்கைப் பார்த்தால் அது எவ்வளவு சிக்கலானது என்று புரியும்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. வரி வாங்க வேண்டுமானால் யாரிடம் எவ்வளவு நிலம் என்று தெரியவேண்டுமே! அது ஊர்க் கர்ணத்துக்குத்தான் தெரியும். பின்னாளில் சர்வே எண், ஏக்கர், சென்ட் எல்லாம் வந்தும் அவர் இல்லாமல் காரியம் ஆகவில்லை. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், உழுவது மூன்றாவது பேரனாக இருப்பான். இது நோட்டில் இருக்காது, கர்ணத்தின் தலைக்குள் இருக்கும்.

1979-இல் யு.டி.ஆர். எனப்படும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பழைய பதிவேடுகளைப் புதிய பதிவேடாக எழுதவேண்டும், பட்டாதாரர் பெயரை இன்றைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும், ஏக்கர் சென்ட்டை ஹெக்டேர் ஏர் ஆக மாற்றவேண்டும். இரண்டரை ஏக்கர் என்பது 1.0117 ஹெக்டேர். சம்சாரிக்கு இது எப்படி விளங்கும்?

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 1980 நவம்பரில் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டது. அவர் இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பரம்பரைப் பதவி போனது சரிதான். ஆனால் கோப்பைப் படிக்கத் தெரிந்த ஆளும் கூடவே போய்விட்டார். 1985 செப்டம்பர் 15-இல் மதுரையிலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமும் ஆனது. திட்டம் 1987-இல் முடிந்தது.

"யு.டி.ஆர். தவறு" என்ற சொல்லே தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. அனுபவிப்பவர் பெயர் விடுபட்டிருக்கும், உட்பிரிவு மாறியிருக்கும், பட்டா நிலம் புறம்போக்கு என்று ஏறியிருக்கும். அன்றைக்கு யாரும் கவனிப்பதில்லை. பல வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்கப் போகும்போதுதான் பட்டாவில் பக்கத்துக் காட்டுக்காரர் பெயர் இருப்பது தெரியவரும்.

பிறகு கணினி வந்தது. 'தமிழ் நிலம்' மென்பொருளில் அ-பதிவேடும் சிட்டாவும் ஏறின. பொதுவாகவே இம்மாதிரித் தரவை ஏற்றும்போது வரும் தொல்லைகள் வேடிக்கையானவை. சர்வே எண் 12/3 என்று அடித்தால் விரிதாள் மென்பொருள் அதை மார்ச் 12 என்று தேதியாக்கிவிடும். புலத்தை எண் வகையாக வைத்தால் 12/3அ என்பதை ஏற்க மறுக்கும், அல்லது வெறும் 12 ஆக வெட்டும். ராமசாமியும் இராமசாமியும் கணினிக்கு இரண்டு ஆள். தமிழ் எழுத்துருக் குழப்பம் தனிக்கதை: 1999-இல் அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது, 2010-இல் யுனிகோடுக்கு மாறியது.

இவற்றையெல்லாம் ஒரு நிரல் எழுதிக் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்துக் காட்டுக்காரர் பெயரை எந்த நிரலும் கண்டுபிடிக்காது. எழுத்துப் பிழை இல்லை, புலம் காலியாகவும் இல்லை. கணினியைப் பொறுத்தவரை அது சுத்தமான தரவு. அதனால்தான் திருத்த மனு கொடுப்பவர் கணினிப் பட்டாவோடு பழைய கிரயப் பத்திரத்தையும், யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் தேடி எடுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.