ஆங்கிலிக்கன் என்றால் ஆங்கிலமா?



பள்ளி விடுமுறை முடிந்து வந்த ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வினவினான்: “ஐயா, தைப்பிங் அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில் பலகையால் கட்டிய தேவாலயம் பார்த்தேன். ஆங்கிலிக்கன் சபையாம். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு மட்டுந்தானா?”

பெரியவர்களுக்கும் எழக்கூடிய ஐயம்தான் இது. நம் கமுந்திங்கை அடுத்த தைப்பிங்கில் அவன் கண்டது, 1886இல் எழுப்பப்பட்ட சகல பரிசுத்தவான்கள் ஆலயம். ஆங்கிலேய அதிகாரிகள் வழிபட்ட இடம் ஆதலால் அது வெள்ளையர் கோயில் என்னும் எண்ணம் வருவது இயல்பே.

‘ஆங்கிலிக்கன்’ என்பதற்கு இங்கிலாந்தைச் சார்ந்தது என்று பொருள். 1534இல் எட்டாம் ஹென்றி மன்னர் போப்பாண்டவரின் ஆளுகையை மறுத்து, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவரானார். தொடக்கம் அரசியல்தான். ஆயினும் அச்சபையின் இயல்பை வகுத்தது ஒரு நூலாகும். இலத்தீனில் நடந்த வழிபாட்டை மக்கள் மொழிக்குக் கொணர்ந்த பொது ஜெபப் புத்தகம் 1549இல் வெளிவந்தது. அதை உருவாக்குவதில் முதன்மையானவர் தலைமைப் பேராயர் தாமஸ் கிரான்மர். பேராயர் ஆட்சி முதலிய பழைய மரபையும், வேதநூலை முதன்மைப்படுத்தும் சீர்திருத்தத்தையும் ஒருங்கே ஏற்ற நடுவழி அது. ஆட்சி மாறியபின் 1556இல் கிரான்மர் உயிரோடு எரிக்கப்பட்டார்.

1571இல் உறுதிபெற்ற 39 கோட்பாடுகளுள் 24ஆவது, மக்களுக்குப் புரியாத மொழியில் பொது வழிபாடு நடத்தலாகாது என்கிறது. இக்கொள்கையை அந்நாடே முழுமையாகப் பின்பற்றியதா? இல்லை. கார்ன்வால் பகுதியில் பலர் ஆங்கிலம் அறியாதவர்கள். அவர்களின் தாய்மொழி கார்னிஷ். ஆங்கில வழிபாடு திணிக்கப்பட்டபோது 1549இலேயே கிளர்ந்தெழுந்தனர், ஆயிரக்கணக்கில் மாண்டனர். கார்னிஷ் மொழியில் ஜெபப் புத்தகம் வரவில்லை. பின்னர் அம்மொழியும் பேச்சுவழக்கிழந்தது.

தமிழுக்கு அந்நிலை நேரவில்லை. ஜெபப் புத்தகம் தமிழில் பெயர்க்கப்பட்டது. நாம் போற்றும் கால்டுவெல்லும் போப்பும் வேறு சபைகளின் வழியே தமிழகம் வந்து ஆங்கிலிக்கன் சபையில் இணைந்தவர்களே. இடையன்குடியில் உழைத்த கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். போப்பின் திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த ஆண்டு 1886. தைப்பிங் ஆலயம் எழுந்த அதே ஆண்டு! 1912இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1947இல் தமிழக ஆங்கிலிக்கன் சபையினர் பிற சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயினர். மலேசியாவில் ஆங்கிலிக்கன் சபை தனித்தே தொடர்கிறது; மேற்கு மலேசியப் பேராயத்தில் தமிழ் வழிபாடும் உண்டு.

ஆகவே மாணவனிடம் சொன்னேன்: “பெயர்தான் இங்கிலாந்தைச் சொல்கிறது தம்பி. அவரவர் மொழியில் வேண்டு என்பதே அதன் கொள்கை.”

பெற்றோர்களே, கோயிலோ தேவாலயமோ, எதுவாயினும் சரி. நம் பிள்ளைகளுக்குத் தமிழில் வேண்டத் தெரியுமா? இன்றிரவு கேட்டுப் பாருங்கள். வழிபாட்டிலும் வீட்டிலும் இடமிழந்த மொழிக்கு நேர்வது என்ன என்பதைக் கார்ன்வால் காட்டிவிட்டது.