பழைய காரின் பிரேக் பெடல் அடிக்கடி மெத்தென்று இறங்குகிறதா? காற்று எடுத்தால் மட்டும் போதாது

அப்பா ஓட்டிய பழைய கார் இப்போது உங்கள் கையில். 1985இல் அறிமுகமான முதல் தலைமுறை புரோட்டோன் சாகா என்று வைத்துக்கொள்வோம். பிரேக் மிதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. பட்டறையில் காற்று எடுத்தார்கள், சரியானது. 2 வாரத்தில் மறுபடியும் அதே கதை.

இன்னொரு தடவை காற்று எடுத்தா சரியாயிடும்னு நினைக்காதீர்கள். பிரச்சினை திரும்பி வந்தால் ஏதோ ஒரு பாகம் பழுதாகியிருக்கிறது என்று அர்த்தம்.

பெடல் ஏன் மெத்தென்று ஆகிறது?

உங்கள் காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் எண்ணெய். திரவம் எளிதில் அமுங்காது. காற்றும் நீராவியும் அமுங்கும். அவை குழாயில் இருந்தால், மிதிக்கும் விசை அவற்றை அமுக்கவே செலவாகிவிடும்.

பெடல் என்ன சொல்கிறது?

காரைச் சமதளத்தில் நிறுத்தி மிதித்துப் பாருங்கள்.

• ஸ்பிரிங் போல அமுங்குகிறது, பலமுறை மிதித்தால் மேலே வருகிறது: குழாயில் காற்று இருக்கலாம்.

• முதல் மிதியில் ஆழமாகப் போகிறது, உடனே இரண்டாவது முறை மிதித்தால் உயரத்திலேயே கெட்டியாக நிற்கிறது: பின்சக்கர டிரம் பிரேக்கில் இடைவெளி அதிகமாகியிருக்கலாம். அதைச் சரிப்படுத்தினாலே போதும்.

• 30 விநாடி அழுத்திப் பிடித்தால் மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது: எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் பம்ப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது.

• மலை இறங்கும்போது மட்டும் மெத்தென்று ஆகிறது, ஆறியதும் சரியாகிறது: பிரேக் எண்ணெய் கொதித்திருக்கலாம்.

எண்ணெய் குறைகிறதா?

அளவைக் குறித்துவைத்துச் சில நாள் கவனியுங்கள். குறைந்தால் சக்கரங்களின் உட்பக்கம், டிரம்மின் உள்ளே, பெடலுக்குக் கீழே உள்ள கார்ப்பெட் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கேயும் ஈரம் இல்லையா? மாஸ்டர் பம்ப்பின் பின்பக்கம் வழியாக பூஸ்டருக்குள் எண்ணெய் போய்க்கொண்டிருக்கலாம்.

குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் பம்ப் மேல் சந்தேகம் வலுக்கும்.

எந்தச் சக்கரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மெக்கானிக் அதற்கான கிளாம்ப்பால் ரப்பர் குழாய்களை இறுக்கி அடைப்பார். எல்லாவற்றையும் அடைத்ததும் பெடல் கெட்டியானால் மாஸ்டர் பம்ப் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கும்போது எதைத் திறந்ததும் மெத்தென்று ஆகிறதோ, கோளாறு அந்தப் பக்கம்தான். சாதாரணக் குறடால் அமுக்கினால் குழாய் கிழியும்.

காற்று எடுத்ததே பிரச்சினையா?

ஆமாம், அதுவும் நடக்கும். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் பம்ப்பின் பிஸ்டன் பாதி தூரம்தான் போய்வரும். மீதி இடத்தில் துரு சேர்ந்திருக்கும். காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால், அந்தத் துருவில் உரசி ரப்பர் கிழியலாம். சில நாளில் பெடல் மறுபடி இறங்கும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்தால் அதைத் தவிர்க்கலாம்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கும் பங்கு உண்டா?

உண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 வரை இறங்கலாம். டாட் 4க்கு 230, 155. கெந்திங், கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அந்தச் சூடு எளிதில் வரும். 2 ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள், குறைந்த கியரில் இறங்குங்கள்.

பட்டறையில் என்ன சொல்வது?

"பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெடல் எப்போது, எப்படி இறங்குகிறது, எண்ணெய் குறைகிறதா, கடைசியாக எப்போது காற்று எடுத்தது என்று சொல்லுங்கள்.

பெடல் தரையைத் தொட்டால், பக்கத்துத் தெருதானேன்னு ஓட்ட வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.