செம்பும் கடலும்



மரக்கலங்கள் கடலை ஆண்ட காலத்தில் அவற்றிற்குப் பெரும்பகையாய் விளங்கியவற்றுள் ஒன்று, மரத்தைத் துளைத்துண்ணும் கப்பற்புழு. அப்பகையை வெல்லக் கருதிய ஆங்கிலக் கடற்படையினர், 1761ஆம் ஆண்டில் ‘அலார்ம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டாற் போர்த்தி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினர். 1763இல் அதனைச் சோதித்தபோது மரம் பழுதின்றியிருந்தது. இரும்பாணிகளோ அரித்துப் போயிருந்தன. இடையே வைத்த பழுப்புக் காகிதம் கிழியாதிருந்த இடங்களில் மாத்திரம் ஆணிகள் நலமாயிருந்தன. இருவேறு உலோகங்கள் கடல்நீரில் ஒன்றையொன்று தொடுமாயின், ஒன்று தேய்ந்து மற்றதைக் காக்கும் என்பது அக்காலத்தில் விளங்கவில்லை.

அவ்வியல்பையே மருந்தாக்கியவர் சேர் ஹம்பிரி டேவி. செம்பும் கடல்நீரில் மெல்லக் கரைகின்றதே, தடுக்கும் வழி யாது என்று கடற்படையினர் வினவினர். செம்போடு சிறிதளவு துத்தநாகத்தையோ இரும்பையோ பொருத்தினால், அது தன்னை அழித்துச் செம்பைக் காக்கும் என 1824இல் அவர் விடை பகர்ந்தார். செப்புப் பரப்பில் 150இல் ஒரு பங்கே போதுமெனவும் கண்டார். கொச்சியில் தேக்கினாற் கட்டப்பெற்ற ‘சமராங்’ கப்பல் இம்முறைப்படி கடலோடியது.

செம்பு தேயவில்லை. ஆயினும், இம்முறை பல கப்பல்களிற் கையாளப்பட்டபோது புதியதோர் இடர் தோன்றிற்று. பாசியும் கொட்டலசும் செம்பின்மேல் அடர்ந்து பற்றின. கப்பல்களின் வேகம் குன்றிற்று. கரைந்து வெளிப்படும் செம்பே அவ்வுயிர்களை விலக்கிய நஞ்சு. கரைதல் நின்றதும் அக்காவலும் நீங்கிற்று. சில ஆண்டுகளுள் டேவியின் காப்புத் துண்டுகள் கழற்றப்பட்டன.

1832இல் பேமிங்காம் நகரத்து ஜோர்ஜ் பிரெடெரிக் மன்ட்ஸ் என்பவர், ஏறத்தாழ 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் கொண்ட கலப்புலோகத்துக்கு உரிமம் பெற்றார். அது தனிச்செம்பிலும் விலை குறைந்தது. உயிர்கள் ஒட்டாதிருக்க வேண்டிய அளவிற்குக் கரைந்தும் கொடுத்தது. 1869இல் நீரிலிறங்கிய ‘கட்டி சார்க்’ அவ்வுலோகத்தையே அணிந்தது.

டேவியின் தத்துவம் மாண்டுவிடவில்லை. இன்று துத்தநாக, அலுமினியக் கட்டிகள் தம்மைத் தேய்த்து எஃகுக் கப்பல்களைக் காக்கின்றன. அலுமினியக் கட்டிகள் தடையின்றித் தேய்வதற்காக முன்னர்ப் பாதரசம் சேர்த்தனர். அது கடலுக்கு நஞ்சென உணர்ந்தபின், அதற்கீடாக இந்தியம் என்னும் உலோகத்தைச் சிறிதளவு சேர்க்கலாயினர்.

கப்பலைக் காக்கத் தேயும் உலோகம் அழிந்தொழிவதில்லை. நாம் மீன்பிடிக்கும் கடலிலேயே கலக்கின்றது. ஆகவே, புதிய கலப்புலோகம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதோடு, அது கரைந்தபின் கடலுக்கு என்ன செய்யும் என்பதையும் ஆராய்ந்தே அதனை ஏற்றல் வேண்டும்.